நாலு என்று போட்டால் பூ பூக்கும்

என் மகளுக்கு,

நீ தினமும் சாயங்காலம் போன் பண்ணுகிறாய். சாப்பிட்டாயா என்று கேட்கிறாய், அப்பாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய், மழை உண்டா என்று கேட்கிறாய். விருதுநகர் மாவட்டத்துக் கரிசலில் பிறந்து வளர்ந்தவள் மழை உண்டா என்று கேட்பது கேலியா அக்கறையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "அந்தப் பிள்ளைக..." என்று நான் வாயெடுத்தால் உடனே உன் வீட்டுக் குக்கர் கத்துகிறது, இல்லாவிட்டால் வாசலில் யாரோ வந்துவிடுகிறார்கள். ஓசூரில் மூன்றாவது மாடி வீட்டுக்கு அத்தனை பேரா வருவார்கள்? வாயால் சொல்ல விடமாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். இதை வெளியாள் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். உன்னைப் போல வீட்டு முன்னறையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு நாள் எழுந்து போனவர்கள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்களும் என்னைப் போலப் பேச வழியில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

என்னை எழுத வைத்தது மாப்பிள்ளைதான். போன வாரம் நீ கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவரே கூப்பிட்டார். "அத்தை, கீழ் வீட்டுப் பையன் ஏழாவது படிக்கிறான். கம்ப்யூட்டர் பாடம் ஒண்ணும் புரியலைன்னு அவங்க அம்மா வந்து இவகிட்டக் கேட்டாங்க. எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாதுங்கன்னு சொல்லி அனுப்பிட்டா. அப்புறம் ரொம்ப நேரம் பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டு உள்ளேயே இருந்தா. ஏன் அத்தை?" என்றார். நல்ல மனிதர். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நீ ஊர்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் ட்யூஷன் எடுத்தாய் என்று அவர் வீட்டாரிடம் பெருமையாகச் சொன்னவள் நான்தான். அதை ஏன் நிறுத்தினாய் என்று அவர்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. "அவளே சொல்லுவா மாப்பிள்ளை, கொஞ்சம் பொறுங்க" என்று வைத்துவிட்டேன். கம்ப்யூட்டர் தெரியாதாம்! பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

நீ ஏழாவது படிக்கும்போது உன் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று இருந்தது. அதன் பூட்டைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். டீச்சர் கரும்பலகையில் கீபோர்டை வரைந்து பாடம் நடத்தினாராம். நீ வீட்டுக்கு வந்து பழைய காலண்டர் ஒன்றைக் குப்புறப் போட்டு, அதன் முதுகில் ஸ்கேல் வைத்துக் கீபோர்டு வரைந்து, தரையில் விரித்துப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தாய். சிவகாசிக்குப் பக்கத்தில் குடியிருப்பதில் நமக்குக் கிடைத்த லாபம் காலண்டர் ஒன்றுதானே, ஆணிக்கு ஒரு சாமி தொங்கும். "லட்சுமியக் குப்புறப் போட்டு முதுகுல குத்துறியே, வீடு உருப்படுமாடி?" என்று உன் முதுகில் நான் ஒன்று வைத்தேன். நீ அழவில்லை. "குத்தலம்மா, எழுதுறேன்" என்றாய். அப்புறம் காலேஜ் முடித்தாய். வெளியூர் வேலைக்குப் போவாய் என்று நாங்கள் இருக்க, சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் ஒதுக்கிப் போட்டிருந்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கினாய். ஸ்விட்சைப் போட்டதும் திரை முழுக்கத் தாமரையில் லட்சுமி வந்து உட்கார்ந்தாள், அங்கே காலண்டர் டிசைன் போட்ட கம்ப்யூட்டர் அல்லவா. உன் அப்பா வயலில் இருந்து வந்தவர், அவசரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நாம் இருவரும் எத்தனை நாள் அதைச் சொல்லிச் சிரித்திருப்போம்.

பிள்ளைகள் வர ஆரம்பித்தது ஒரு ஆனி மாதம். ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கிறவர்கள். இரண்டு கம்ப்யூட்டருக்கு அத்தனை பேர் என்பதால், முறை வராதவர்கள் காலண்டர் முதுகில் கீபோர்டு வரைந்து தட்டிப் பழகுவார்கள். நீ அடி வாங்கிப் பழகிய வித்தை வீணாகவில்லை என்று நினைத்துக்கொள்வேன், அடித்தவள் நான் என்பது மறந்துபோகும். முன்னொரு காலத்தில் அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் நம் வயலில் பருத்தி எடுத்தவர்கள், களை எடுத்தவர்கள். இப்போது காலையில் கம்பெனி வேன் வந்து அவர்களைத் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலைகளுக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. "வயலுக்கு ஆள் இல்ல, மக்காச்சோளம் கொட்ட எடம் இல்ல, உம்மக வீட்டுக்குள்ள பள்ளிக்கூடம் தொறந்துட்டா" என்று அப்பா முனகினார். அவர் முனகலுக்குள் வேறொரு முனகலும் இருந்தது. என்னிடமும் இருந்தது. அந்தத் தெருப் பிள்ளைகள் வாசல்படி ஏறி நம் முன்னறையில் உட்காருவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவர்களும் முழித்தார்கள். "பெரியம்மான்னு கூப்பிடுங்க" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அப்புறம் யாராவது ஒரு பிள்ளை வராவிட்டால் நானே தெருவை எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

மாரீஸ்வரி வந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். இருக்கிறது என்பதால்தானே இந்தப் பாடு. ஏழாவது படிக்கிற பிள்ளை, ஒரு இடத்தில் நில்லாது, ஒரு பதிலோடு நிற்காது. உட்காருவதற்கு முன்னால் போய் ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் தொட்டுவிட்டு வந்தது. "என்ன பிள்ளே, எங்க வீட்டு ஜன்னலக் கும்பிடுற?" என்றேன். "இல்ல பெரியம்மா, எங்கம்மா கம்பெனியில வெடிமருந்து ரூமுக்குள்ள போகையில வாசல்ல இருக்க செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போவாக. ஒடம்புல இருக்க கரண்டு பூமிக்குப் போயிரும்ல" என்றது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரின் பெட்டியைத் திறந்து காட்டி, இதற்குள் கையை வைப்பதானாலும் அப்படித்தான் இரும்பைத் தொட்டுவிட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும் என்று சொன்னாய். அதிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். நீயும் தொட்டாய். அந்த ஒரு கம்பியில் மட்டும் பச்சைப் பெயிண்ட் தேய்ந்து வெறும் இரும்பு தெரிய ஆரம்பித்தது.

"இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிற பாடம் வந்தபோது, புத்தகத்தில் மழை பெய்தால் குடை எடு என்று போட்டிருந்தது. "நம்ம ஊருல இத நடத்துனா ஒருத்திக்கும் புரியாதும்மா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாய். பிள்ளைகளிடமே வேறு உதாரணம் கேட்டாய். அவர்கள் வாயில் ஆலை விதிகள்தான் வந்தன. வெயில் ஏறிவிட்டால் மருந்து கலக்கக் கூடாது. செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆளுக்கொரு விதியை எடுத்துக்கொண்டு, திரையில் கலர் கலரான கட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிக் கட்டளை எழுதினார்கள். மாரீஸ்வரி நாலு பேர் விதியை எடுத்தாள். ஒரு ரூம் படம். எத்தனை பேர் என்று அது கேட்கும். நாலு வரைக்கும் போட்டால் ரூம் பச்சையாகி, வாசலில் ஒரு பூச்சட்டிப் பட்டாசு பூப்பூவாகச் சீறும். நாலைத் தாண்டினால் சிவப்பாகி, மணி அடிக்கும், ஆளைக் குறைக்கிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருக்கும். எனக்கே நாலைந்து தடவை ஓட்டிக் காட்டினாள். சமையலறைக்கே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பெற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தாய். சீசன் நேரம். தீபாவளி ஆர்டருக்கு ஞாயிறும் பாதி நாள் வேலை உண்டு. அவர்கள் குளித்துவிட்டு வர நாலரை ஆகும் என்று நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். நீ ஒரு பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, இன்னொன்றின் கட்டளையைத் திருத்திக்கொண்டு, வியர்த்து வழிந்து நின்றாய். மாரீஸ்வரியின் கம்ப்யூட்டர் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "அக்கா, இது நிக்க மாட்டேங்குது. ஏதோ தப்பா எழுதிட்டேன்" என்றாள். நீ எட்டிப் பார்த்தாய். ஏழு என்று போட்டிருந்தாள். "ஏழு எதுக்கு? ஆளுக வர்ற நேரத்துல மணி அடிச்சுக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? நாலுன்னு போடு, பூ பூக்கும்" என்றாய். அவள் அப்படியே போட்டாள். பூ பூத்தது. ஏழு என்ற எண் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கவில்லை. டீ வடிகட்டிக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை.

அவளுடைய அம்மா பேச்சியம்மா வந்தாள். நல்ல சிரிப்புக்காரி. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் விரல் இடுக்கில் சாம்பல் நிற மருந்து போகாத கை. "உள்ள வரலாமாம்மா?" என்று வாசலில் நின்று கேட்டாள். "வா, வந்து உக்காரு" என்றேன். மகள் ஓட்டிக் காட்டினாள். ரூம் படம், நாலு பேர், பச்சை, பூச்சட்டி. பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். பேச்சியம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏ ஆத்தி, எங்க ரூமுல நாலே பேரா! இன்னைக்கு ஆபீசர் வந்திருக்காக போல" என்றாள். அந்தப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நீ கேட்டாய். அவளேதான் சொன்னாள். "சோதனை போட ஆபீசர் ஜீப்பு வருதுன்னு தெரிஞ்சா, ரூமுக்கு நாலு பேரு போக மிச்ச ஆளெல்லாம் அந்தால போயி வேலிக்கருவ மரத்தடியில நிப்போம் தாயி. ஜீப்பு போனதும் திரும்ப உள்ள வந்துருவோம். அன்னைக்கு ஒரு நாளு மரத்தடியில காத்து வாங்கலாம்" என்றாள். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

புரட்டாசியில் ஒரு நாள். வெயில் ஏறிய முற்பகல். நீ கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாய். முதலில் ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன, பிறகு சத்தம் வந்தது, பிறகு சரம் சரமாகச் சின்னச் சத்தங்கள். நம் ஊரில் அதற்கு அர்த்தம் சொல்ல ஆள் வேண்டாம். தெருவில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான், "எந்தக் கம்பெனி? எந்தக் கம்பெனி?" பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் அதையே கேட்டுக்கொண்டு எழுந்து நின்றார்களாம். அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு போனார். வேன் டிரைவர் ஒருவன் திரும்பி வந்து கம்பெனிப் பெயரைச் சொன்னபோது மாரீஸ்வரியின் தெருவில் இருந்து ஓலம் கேட்டது. அப்பாவிடம் இருந்து போன் வந்தது. நீதான் எடுத்தாய். "ஒரே ரூமுதான். உள்ள நாலே பேருதான்னு வாசல்ல கணக்கப்பிள்ளை சொல்றாரு" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. நீ "ஏழு" என்றாய். அவருக்குப் புரியவில்லை, என்ன என்று கேட்டார். "ஏழு பேருப்பா. நல்லாத் தேடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியோடு தரையில் உட்கார்ந்தாய். சாயங்காலத்துக்குள் நீ சொன்ன எண்தான் சரி என்று தெரிந்துவிட்டது. இரண்டு பேரை மட்டும் சிவகாசி ஆஸ்பத்திரிக்கு உயிரோடு கொண்டுபோனார்கள். அதில் பேச்சியம்மா இல்லை.

அதற்குப் பிறகு நீ முன்னறைக்குள் போகவில்லை. கம்ப்யூட்டர்களின் மேல் என் பழைய சேலையை எடுத்துப் போட்டு மூடினாய். பிள்ளைகள் வந்து வாசலில் நின்றால் உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னாய். அத்தனை நாள் மாப்பிள்ளை பார்க்க விடாமல் அடம்பிடித்தவள், தை பிறந்ததும் "யாரா இருந்தாலும் சரிம்மா, தூரமா இருந்தாச் சரி" என்றாய். இத்தனை வருஷம் நான் முருகனிடம் கேட்ட வரம், தாயி. அது இந்த வாசல் வழியாகத்தான் வரும் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். ஏன் சம்மதிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பாத்திரம் வாங்கினேன், பத்திரிகை அடித்தேன், ஊர் மெச்சக் கல்யாணம் பண்ணி அனுப்பினேன். மணவறையில் உன் முகத்தைப் பார்த்தவர்கள் பிறந்த வீட்டைப் பிரிகிற வருத்தம் என்று சொன்னார்கள். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஒரே ஒரு தடவைதான் நீ வாய்விட்டுச் சொன்னாய், கல்யாணத்துக்கு முந்தின வாரம், பூத்தொடுத்துக்கொண்டிருந்தபோது. "அந்த மணிய நான் அடிக்க விட்டிருந்தா பேச்சியம்மாக்கா யோசிச்சிருப்பாங்கம்மா. வீட்ல பிள்ளை சொல்லியிருக்கும். நான்தான் நாலுன்னு போடச் சொன்னேன்." நான் அப்போது, "போடி கிறுக்கி, உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்று வாயை அடைத்துவிட்டேன். தவறான பதில். சம்பந்தம் இல்லை என்றால் நீ ஏன் அழப் போகிறாய்? இப்போது சரியான பதிலைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ சொன்னது தப்புத்தான். ஒரு பிள்ளை ஒழுங்காக எழுதியதைத் தப்பு என்று நினைக்க விட்டாய், வந்தவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக. அது தப்பு. ஆனால் அந்த மருந்து தீப்பிடித்தது உன் முன்னறையில் இல்லை. நாலு பேர் இருக்க வேண்டிய ரூமை உள்குத்தகைக்கு விட்டு, ஆர்டருக்கு ஆளை அடைத்தவன் ஒருவன் இருக்கிறான். ஜீப் வரும் முன்பே அவனுக்குச் செய்தி சொன்னவன் ஒருவன் இருக்கிறான். அவர்கள் எல்லாம் மூன்று வேளை சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். நீ பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறாய். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு என்று போடு என்ற பேச்சு உன் வாயில் பிறந்தது இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை இந்த ஊரில் நாம் எல்லோரும் சோறு உண்ணப் பழகும்போதே பழகிவிடுகிறோம். பெண் பார்க்க வந்தவர்களிடம் உன் வயதில் ஒன்றைக் குறைத்துச் சொன்னவள் நான். விளைச்சல் எவ்வளவு என்று யாராவது கேட்டால் அப்பா அரை மூட்டை மக்காச்சோளத்தைக் கூட்டிச் சொல்லுவார். வருகிறவர்களுக்கு எது பிடிக்குமோ அந்த எண்ணை எடுத்து வைப்போம், பூ பூக்கும், டீ கொடுப்போம், அனுப்பிவிடுவோம். பேச்சியம்மா மரத்தடிக்குப் போனதும் அதே பழக்கம்தான். நாம் எல்லோரும் செய்கிறதை நீயும் ஒரு நிமிஷம் செய்தாய். ஆனால் நீ மட்டும்தான் அதற்காக அழுகிறாய். அதனால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு நீ வேண்டும் என்கிறேன். தப்பே சொல்லாத டீச்சரை நான் பார்த்ததில்லை. தப்பைச் சொன்ன இடத்துக்கு மறுபடி வந்து, இதோ இங்கே தப்பு என்று காட்டுகிறவளைத்தான் இன்னும் பார்க்கவில்லை.

இதுவரைக்கும் எழுதியது எல்லாம் நீ ஊருக்கு வந்தால் சொல்லலாம் என்று வைத்திருந்ததுதான். மாப்பிள்ளை போன் பண்ணிய மறுநாள் நடந்ததுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. சாயங்காலம் வாசலில் நிழல் விழுந்தது. மாரீஸ்வரி. எட்டாவதுக்கு வந்துவிட்டாள், பாவாடை குட்டையாகிவிட்டது. அவள் அப்பா லோடு ஏற்றப் போகிறவர், சித்திதான் பார்த்துக்கொள்கிறாள். "உள்ள வரலாமா பெரியம்மா?" என்றாள், அவள் அம்மா கேட்ட அதே மாதிரி. "கேட்டுக்கிட்டா வரணும், வா ஆத்தா" என்றேன். நேரே முன்னறைக்குப் போய் ஜன்னல் கம்பியைத் தொட்டாள். சேலையை எடுத்து மடித்து வைத்தாள். ஸ்விட்சைப் போட்டாள், அது ஏதோ முனகி, இருமி, லட்சுமி வந்தாள். தன்னுடைய ரூம் படத்தைத் தேடி எடுத்தாள். அழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அழித்தால் அழிக்கட்டும் என்றுதான் நின்றேன். அவள் ஏழு என்று போட்டாள்.

ரூம் சிவப்பானது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. "நிப்பாட்டுத்தா" என்றேன். "இது சரியாத்தான் பெரியம்மா அடிக்குது. அன்னைக்கும் சரியாத்தான் அடிச்சது. நான் தப்பா எழுதல" என்றாள். அவள் குரலில் உன்மேல் கோபம் இருக்கிறதா என்று உற்றுக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் இருந்தது. "அக்கா எப்ப வருவாக?" என்றாள். தெரியவில்லை என்றேன். "அம்மா எறந்த மூணாம் நாளு எங்க தெரு முனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டாக. நான் பாத்தேன். நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். நீ அங்கே போனது எனக்கே அதுவரை தெரியாது.

அந்த நேரம் கம்பெனி வேன் வந்து நின்று பெண்கள் இறங்கினார்கள். மணிச் சத்தம் கேட்டு இரண்டு மூன்று பேர் ஜன்னல் பக்கம் வந்தார்கள். "என்னம்மா சத்தம், யாரு பிள்ள அது, பேச்சி மகளா?" என்றார்கள். மாரீஸ்வரி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். "அத்த, ஒங்க ரூமுல எம்புட்டுப் பேரு?" என்றாள். முன்னால் நின்றவள் பழக்க தோஷத்தில் "நாலு" என்றாள். இவள் அவளையே பார்த்தாள். அந்தப் பெண் தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள், தலையைக் குனிந்தாள், "ஆறு" என்றாள். மாரீஸ்வரி வந்து ஆறு என்று போட்டாள். மணி அடித்தது. யாரும் சிரிக்கவில்லை. வயலில் இருந்து வந்த உன் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். சத்தம் பிடிக்காத மனிதர், அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பெண்கள் போன பிறகு அவள்தான் நிறுத்தினாள். சேலையை எடுத்து மறுபடியும் மூடினாள், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. படியிறங்கும்போது நின்று சொன்னாள்: "பெரியம்மா, இந்தச் சத்தம் தெரு முனை வரைக்குந்தான் கேக்குது. அதுக்கு மேல எப்பிடிக் கேக்க வைக்கன்னு எனக்குத் தெரியல. அக்காகிட்டத்தான் கேக்கணும்."

இதற்குப் பதில் எனக்குத் தெரியாது, தாயி. பன்னிரண்டாவதோடு நின்றவள் நான். உனக்கும் தெரியுமோ தெரியாதோ. தெரியாவிட்டால் தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு வா. எனக்குப் பதில் கடிதம் வேண்டாம், போனிலும் ஒன்றும் சொல்ல வேண்டாம். சேலையைத் துவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அப்பா ஜன்னலுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க வந்த ஆளிடம் அந்த ஒரு கம்பியை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். வந்து தொட்டுவிட்டு உட்கார்.

உன் அம்மா